மாக்ஸ் டெல்புரூக்: வைரசுகளை எண்ணிய பேர்லின்காரர்

பேர்லினின் வடக்கு எல்லையில் பூக் என்றொரு பகுதி இருக்கிறது. எஸ் 2 தொடருந்தில் பேர்னாவ் பக்கம் போய்வருபவர்கள் அந்த நிலையத்தைக் கடந்திருப்பார்கள். அங்குள்ள மருத்துவ ஆய்வு வளாகத்தில் 1992 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிறுவகம் ஒன்று மாக்ஸ் டெல்புரூக் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஜேர்மனியில் பிறந்து, வளர்ந்து, படித்து, 1937 இல் நாட்டை விட்டுப் போனவர் அவர். போனவர் நிரந்தரமாகத் திரும்பி வரவில்லை. ஆனாலும் பிறந்த நகரம் அவரைத் தன்னுடையவர் என்று சொல்லிக்கொள்கிறது.

கொரோனாக் காலத்தில் வைரசு என்பது எமது வீடுகளில் அன்றாடச் சொல்லாகிவிட்டது. ஆனால் அது எப்படிப் பெருகுகிறது என்று பிள்ளைகள் கேட்டால் எம்மில் பலரிடம் தெளிவான விடை இல்லை. உண்ணாத, சுவாசிக்காத, தானாக அசையவும் முடியாத ஒரு துகள் அரை மணி நேரத்துக்குள் நூறாவது எப்படி? அதற்கு வேண்டிய கருவிகளை அது எங்கிருந்து பெறுகிறது? இதை அளந்து பார்க்கக்கூடிய கேள்வியாக மாற்றியவர்களில் முதன்மையானவர் டெல்புரூக். அவரது வாழ்க்கையை அறிந்தால் அந்த விடையும் கூடவே விளங்கும்.

பேராசிரியர்களின் அயலில்

1906 செப்ரெம்பர் 4 ஆம் திகதி பேர்லினில் பிறந்த மாக்ஸ், ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை ஹன்ஸ் டெல்புரூக் பேர்லின் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். தாய் லீனா, இரசாயனத்துறையில் பெரும் புகழ்பெற்ற லீபிக்கின் பேத்தி. அவர்கள் வாழ்ந்த கிறூணவால்ட் பகுதியில் அக்கம்பக்கமெல்லாம் கல்விமான்கள். பௌதிக அறிஞர் மாக்ஸ் பிளாங்கும் பின்னாளில் ஹிட்லரை எதிர்த்து உயிர்துறந்த பொன்ஹோபர் சகோதரர்களும் அங்கேதான் இருந்தார்கள்.

வசதியான வீடு என்றாலும் முதலாம் உலகப் போர் அந்த வீட்டையும் விட்டுவைக்கவில்லை. மூத்த சகோதரர் ஒருவர் போர்முனையில் இறந்தார். போரின் பசியையும் அதன்பின் வந்த பணவீக்கத்தையும் பார்த்தே மாக்ஸ் வளர்ந்தார்.

எல்லோரும் படித்தவர்களாக இருக்கும் வீட்டில் கடைசிப் பிள்ளைக்குத் தனக்கென்று ஒன்று வேண்டியிருந்தது. அவர் வானியலைப் பிடித்துக்கொண்டார். பின்னர் கோற்றிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அங்கே புதிய குவாண்டம் பௌதிகம் பிறந்துகொண்டிருந்தது. அந்த அலையில் அவரும் சேர்ந்து, 1930 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பிரித்தானியாவின் பிறிஸ்ரலிலும் கொப்பன்ஹேகனிலும் சூரிச்சிலும் சில காலம் ஆய்வு செய்தார்.

1932 ஆகஸ்ட் மாதம் கொப்பன்ஹேகனில் நீல்ஸ் போர் ஆற்றிய ஓர் உரை அவரது பாதையையே மாற்றியது. ஒளியை அலையாகவும் துகளாகவும் பார்த்தால்தான் முழுமையாக விளங்கும். உயிரைப் புரிந்துகொள்ளவும் அப்படியான புதிய பார்வை ஒன்று தேவைப்படலாம் என்பது அந்த உரையின் சாரம். உயிருக்குள் பௌதிகத்தின் புதிய விதி ஏதாவது ஒளிந்திருக்குமா என்ற தேடல் அன்று இருபத்தைந்து வயது இளைஞருக்குள் புகுந்தது. பிறகு அது அவரை விடவேயில்லை.

தாயின் வீட்டில் ஒரு சிறு வட்டம்

அதே ஆண்டு அவர் பேர்லின் டாலெமில் லீசே மைற்னரின் உதவியாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத விஞ்ஞானிகள் வேலையிலிருந்து துரத்தப்பட்டார்கள். பல்கலைக்கழகக் கருத்தரங்குகள் களையிழந்தன. அப்போது டெல்புரூக் சில நண்பர்களைத் தன் தாயின் வீட்டில் கூட்டினார். பௌதிகமும் உயிரியலும் பேசும் தனிப்பட்ட சந்திப்பு அது.

அந்த வட்டத்தில் முக்கியமானவர் ரிமோபேயெவ்-ரெசோவ்ஸ்கி என்ற ரஷ்ய மரபியலாளர். அவர் வேலை செய்தது பூக் பகுதியில், இன்று டெல்புரூக்கின் பெயரில் நிறுவகம் நிற்கும் அதே இடத்தில். ஈக்களுக்கு எக்ஸ் கதிர் பாய்ச்சி மரபணுக்களில் விகாரங்களை உண்டாக்கிப் பார்த்தவர் அவர். கதிரியக்க ஆய்வாளர் சிம்மரும் சேர, மூவருமாக 1935 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மரபணு என்பது அணுக்கள் உறுதியாகப் பிணைந்த ஒரு மூலக்கூறு என்று அது வாதிட்டது. பின்னர் 1944 இல் எர்வின் ஷ்ரோடிங்கர் எழுதிய சிறு நூல் அந்தக் கருத்தை உலகறியச் செய்தது.

ஆனால் பேர்லினில் டெல்புரூக்குக்கு முன்னேற வழி இல்லை. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராவதற்கு நாசிகள் நடத்திய அரசியற் பயிற்சி முகாமுக்குப் போகவேண்டும். அவரும் போனார். அரசியலில் போதிய பக்குவம் இல்லை என்று கழித்துவிட்டார்கள். அவர் யூதர் அல்ல. யாரும் அவரைத் தேடி வரவில்லை. கதவுகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. 1937 இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் புலமைப்பரிசில் கிடைத்தபோது அவர் அமெரிக்கா போனார்.

எமது சமூகத்திலும் வெளியேறியவர்களின் கதைகள் பல வகை. குண்டுகளுக்கு நடுவே ஓடியவர்கள் உண்டு. படிக்கவென்று கடிதத்தோடு விமானம் ஏறி, பின்னர் திரும்ப வழியில்லாமற் போனவர்களும் உண்டு. டெல்புரூக் இரண்டாவது வகை.

சாக்கடை நீரும் அரை மணி நேரமும்

கலிபோர்னியாவின் பசடீனாவில் உள்ள தொழில்நுட்ப நிறுவகத்தில் அவர் ஈக்களின் மரபியலைப் படிக்கத்தான் போனார். அது அவருக்குப் பிடிக்கவில்லை. பௌதிகத்தில் எல்லாவற்றிலும் எளிய அணுவான ஐதரசனை வைத்துத்தான் அணுவின் இரகசியம் விளங்கியது. உயிரியலிலும் அப்படி மிக எளியதொன்று அவருக்கு வேண்டியிருந்தது.

அது அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்திலேயே இருந்தது. எமரி எல்லிஸ் என்ற ஆய்வாளர், லொஸ் ஏஞ்சலிஸ் நகரச் சாக்கடை நீரிலிருந்து ஒரு வைரசைப் பிரித்தெடுத்து வைத்திருந்தார். மனிதரை அது ஒன்றும் செய்யாது. எமது குடலில் வாழும் ஈ-கோலை என்ற பற்றீரியாவையே தாக்கும். இத்தகைய வைரசுகளைச் சுருக்கமாகப் பேஜ் என்பார்கள்.

எல்லிஸிடம் இருந்த கருவிகள் மிகச் சாதாரணமானவை. கண்ணாடித் தட்டில் பற்றீரியாக்களைப் படரவிட்டால் மெல்லிய படலமாக வளரும். அதன்மேல் ஒரு வைரசு விழுந்தால் அந்த இடத்தில் பற்றீரியாக்கள் மடிந்து ஒரு வட்ட ஓட்டை தோன்றும். ஓட்டைகளை எண்ணினால் வைரசுகளை எண்ணியதாகும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வெறுங்கண்ணால் எண்ணலாம் என்பது பௌதிகவியலாளரான டெல்புரூக்கை அப்படியே ஈர்த்துவிட்டது.

1939 இல் இருவரும் வெளியிட்ட கட்டுரை இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. வைரசு பற்றீரியாவுக்குள் நுழைந்தபின் ஏறக்குறைய முப்பது நிமிடங்களுக்கு எண்ணிக்கையில் எந்த மாற்றமும் இல்லை. பின்னர் திடீரென்று ஒரே பாய்ச்சல். கலங்கள் வெடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் பல பத்து வைரசுகள் வெளியேறின. பற்றீரியா இரண்டு, நான்கு, எட்டு என்று பிரிந்து பெருகுவதை நாம் அறிவோம். வைரசு அப்படிப் பெருகவில்லை. உள்ளே போகிறது, மறைகிறது, கூட்டமாக வெளியே வருகிறது. அந்த அரை மணி நேரத்தில் உள்ளே நடப்பது என்ன? டெல்புரூக்கின் அடுத்த பத்தாண்டுகளை இந்தக் கேள்வியே எடுத்துக்கொண்டது.

எதிரி நாட்டுக்காரர் இருவர்

புலமைப்பரிசில் முடிந்த நேரம் ஐரோப்பாவில் போர் தொடங்கியிருந்தது. ஜேர்மனிக்குத் திரும்புவது நடக்காத காரியம். 1940 இல் நாஷ்வில் நகரின் வன்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பிக்கும் ஒரு சிறிய வேலை கிடைத்தது. 1941 இல் மேரி புறூஸ் என்பவரை மணந்தார்.

1940 டிசம்பரில் பிலடெல்பியாவில் சல்வடோர் லூரியாவைச் சந்தித்தார். இத்தாலிய யூதரான லூரியா, முசோலினியின் சட்டங்களுக்குத் தப்பிப் பாரிசுக்கு வந்து, அங்கும் ஹிட்லரின் படை வர, சைக்கிளில் தெற்கே ஓடி, கப்பலேறி நியூயோர்க் வந்து சேர்ந்தவர். அமெரிக்காவும் போரில் இறங்கியபின் சட்டத்தின் பார்வையில் இருவரும் எதிரி நாட்டுக்காரர்கள். இரகசியப் போர் ஆய்வுகளுக்கு அவர்களை யாரும் அழைக்கவில்லை. மற்ற விஞ்ஞானிகள் குண்டுகளுக்கும் ராடார்களுக்கும் போனபோது, இவர்களுக்கு வைரசுகளை எண்ண நேரம் கிடைத்தது.

பற்றீரியாக்களின் மேல் வைரசை ஊற்றினால் கிட்டத்தட்ட எல்லாமே இறக்கும். ஆனால் எப்போதும் சில தப்பும். தப்பியவற்றின் சந்ததியை அந்த வைரசு தொடவே முடியாது. வைரசைக் கண்டபின் அவை எதிர்ப்பைப் பெற்றனவா, அல்லது முன்னமே தற்செயலாக மாறியிருந்தனவா?

1943 இல் லூரியா ஒரு வழி கண்டார். டெல்புரூக் அதன் கணிதத்தைச் செய்தார். ஒரே மாதிரியான பல குழாய்களில் பற்றீரியாக்களைத் தனித்தனியாக வளர்த்து, ஒவ்வொன்றையும் வைரசுத் தட்டில் ஊற்ற வேண்டும். வைரசுதான் எதிர்ப்பை உண்டாக்குகிறது என்றால் எல்லாக் குழாய்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தப்ப வேண்டும். நடந்தது வேறு. பல குழாய்களில் ஒன்றுகூட இல்லை; சிலவற்றில் ஏராளம். மாற்றம் வைரசு வரும் முன்னரே, தற்செயலாக, ஒரு முன்னோரில் நிகழ்ந்துவிட்டது. பற்றீரியாவுக்கும் மரபணு உண்டு என்பதை உறுதியாகக் காட்டிய ஆய்வு இது. மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் எப்படித் தோன்றுகின்றன என்பதற்கும் அடிப்படை இதுவே.

தப்பிய பற்றீரியாவில் மாறியது எது என்பது பின்னரே தெரிந்தது. அந்த வைரசு உள்ளே நுழைய ஒரு வாசல் வேண்டும். அந்த வாசல் பற்றீரியாவின் சொந்தப் புரதம். வெளியிலிருந்து இரும்புச்சத்தை உள்ளே இழுப்பதற்காக அது தன் மேற்பரப்பில் வைத்திருப்பது. வைரசு வந்து ஒட்டிக்கொள்வது அதன்மேல்தான். அந்தப் புரதத்தை இழந்த பற்றீரியா இரும்பு பெறும் ஒரு வழியை இழக்கிறது; ஆனால் உயிர் தப்புகிறது.

1945

டெல்புரூக் அமெரிக்காவில் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த ஆண்டுகளில், அவர் விட்டு வந்த குடும்பம் பேர்லினில் வேறொரு விலை கொடுத்தது. அவரது சகோதரி எமியின் கணவர் கிளவுஸ் பொன்ஹோபர், ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்கேற்றதற்காக 1945 ஏப்ரலில், போர் முடியச் சில நாட்களே இருக்கையில், சுட்டுக் கொல்லப்பட்டார். கிளவுஸின் தம்பி, மதகுரு டீற்றிஷ் பொன்ஹோபர், அதே மாதம் தூக்கிலிடப்பட்டார். டெல்புரூக்கின் சகோதரர் யுஸ்ருஸும் அந்த எதிர்ப்பில் இருந்தவர். நாசிகளின் சிறையிலிருந்து உயிரோடு வெளிவந்தவரைச் சோவியத் படை பிடித்துச் சென்றது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அவர் தடுப்பு முகாமில் இறந்தார்.

அந்த 1945 இல்தான் டெல்புரூக் அமெரிக்கப் பிரசையானார். அதே ஆண்டு கோடையில், நியூயோர்க்குக்கு அருகே கோல்ட் ஸ்பிறிங் ஹாபர் ஆய்வு நிலையத்தில், பேஜ் ஆய்வுக்கு ஒரு கோடைக்காலப் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டே எல்லோரும் ஒரே பற்றீரியாவையும் ரி1 முதல் ரி7 வரையான ஏழு வைரசுகளையும் மட்டுமே ஆராய்வது என்று நண்பர்களை இணங்கவைத்திருந்தார். அப்போதுதான் ஒருவரின் கணக்கை மற்றவர் சரிபார்க்க முடியும். அந்த வகுப்பு 1970 வரை ஆண்டுதோறும் நடந்தது. மூலக்கூற்று உயிரியல் என்று இன்று நாம் அழைக்கும் துறையின் முதல் தலைமுறையில் பலர் அதில் பயின்றவர்கள்.

உள்ளே நடந்தது என்ன

1947 இல் டெல்புரூக் பேராசிரியராகப் பசடீனாவுக்குத் திரும்பினார். அரை மணி நேரத்தின் மர்மத்தை அவரது வட்டத்தினரும் அயலவர்களும் துண்டு துண்டாக அவிழ்த்தார்கள். வைரசு நுழைந்த கலத்தை இடையில் உடைத்துப் பார்த்தால் முதற் சில நிமிடங்களில் ஒரு முழு வைரசுகூட உள்ளே இல்லை. 1952 இல் ஹேர்ஷியும் மார்தா சேஸும் அதற்குக் காரணம் காட்டினார்கள். வைரசின் புரத உறை பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே போவது டி.என்.ஏ. வெளியே ஒட்டியிருந்த உறைகளை அவர்கள் சமையலறை மிக்ஸி போன்றதொரு கருவியில் அடித்தே கழற்றினார்கள்.

அப்படியானால் உள்ளே போவது ஒரு செய்முறைக் குறிப்பு மட்டுமே. அடுப்பு இல்லை, பாத்திரம் இல்லை, அரிசி இல்லை, சமைக்க ஆளும் இல்லை. எல்லாம் அந்த வீட்டினுடையது. பாடசாலையில் விருந்துவழங்கி என்று படித்தோமே, அந்தக் கலத்தினுடையது.

இதைத் தெளிவாக நிறுவிய சோதனை ஒன்று 1960 இல் டெல்புரூக்கின் பசடீனா நிறுவகத்திலேயே நடந்தது. செய்தவர்கள் பிறென்னர், ஜேக்கப், மெசல்சன் ஆகிய மூவர். கலத்தில் புரதங்களைத் தயாரிக்கும் தொழிற்சாலைகளுக்கு றைபோசோம் என்று பெயர். வைரசு நுழைந்தபின் புதிய றைபோசோம்கள் எதுவும் கட்டப்படவில்லை. பற்றீரியா தனக்காகக் கட்டி வைத்திருந்த பழைய றைபோசோம்களே வைரசின் கட்டளைகளை வாசித்து வைரசின் புரதங்களைச் செய்துகொண்டிருந்தன.

மற்றவை தொடர்ந்து வந்தன. ரி4 வைரசு, மரபணுவைப் பிரதியெடுக்கும் பற்றீரியாவின் நொதியத்தைப் பிடித்து, அதில் தன் துண்டுகளைப் பூட்டித் தன் வேலைக்குத் திருப்புகிறது. ரி7 வைரசிடம் டி.என்.ஏ. செய்யும் சொந்த நொதியம் உண்டு. ஆனால் அது தனியே வேலை செய்தால் இழையிலிருந்து அடிக்கடி நழுவி விழும். தயோரெடொக்சின் என்ற பற்றீரியப் புரதத்தைப் பிடியாக மாட்டிக்கொண்டபின்தான் நழுவாமல் ஓடுகிறது. லம்டா என்ற வைரசுக்கோ தன் தலையைக் கட்டப் பற்றீரியாவின் இன்னொரு புரதம் வேண்டும். மற்றப் புரதங்கள் சரியாக மடிய உதவும் புரதம் அது. உண்மையில் அப்படியொரு உதவிப் புரதம் உண்டு என்பதே, அது பழுதான பற்றீரியாவில் லம்டா வளராததைப் பார்த்துத்தான் தெரியவந்தது.

டெல்புரூக் தேடிப் போனது இதை அல்ல. தனித்து நின்று தன்னைத்தானே பிரதியெடுக்கும் மிக எளிய உயிரைத் தேடியே அவர் வைரசிடம் வந்தார். வைரசு தனித்து நிற்கவே இல்லை. அவர் எதிர்பார்த்த புதிய பௌதிக விதியும் அகப்படவில்லை. இரசாயனமே போதுமானதாக இருந்தது. அந்த முடிவை அவரது சொந்த எண்ணிக்கைகள் தொடக்கிய வழியே கொண்டுவந்து சேர்த்தது. 1950களில் அவர் பேஜ் ஆய்வை இளையவர்களிடம் விட்டுவிட்டு, ஒளியை நோக்கி வளையும் ஒரு பூஞ்சையை ஆராயப் போனார்.

கொலோனுக்கு ஒரு திரும்புதல்

போருக்குப் பிந்திய ஜேர்மனியில் உயிரியல் நலிந்து கிடந்தது. நல்லவர்கள் பலர் வெளியேறியிருந்தார்கள். இன உயர்வு என்ற பெயரில் நாசிகள் மரபியலையே அசிங்கப்படுத்தியிருந்தார்கள். 1956 இல் கொலோன் பல்கலைக்கழகத்தின் அழைப்பில் டெல்புரூக் வந்து வகுப்பு எடுத்தார். பின்னர் 1961 முதல் 1963 வரை அங்கே தங்கி, மரபியல் நிறுவகம் ஒன்றைக் கட்டியெழுப்பினார். ஒரு பேராசிரியரின் சொல்லுக்கு எல்லோரும் தலையாட்டும் பழைய முறையை விட்டு, மாணவரும் கேள்வி கேட்கும் முறையை அங்கே கொண்டுவர விரும்பினார்.

1962 ஜூன் மாதம் நடந்த திறப்பு விழாவில் உரையாற்ற அவர் அழைத்தது நீல்ஸ் போரை. முப்பது ஆண்டுகளுக்கு முன் கொப்பன்ஹேகனில் பேசிய அதே பொருளை அந்த முதியவர் மீண்டும் எடுத்துப் பேசினார். அதே ஆண்டு நவம்பரில் போர் காலமானார்.

இரண்டு ஆண்டுகள் முடிய டெல்புரூக் பசடீனாவுக்குத் திரும்பிவிட்டார். வீடும் பிள்ளைகளும் அங்கே. பிறந்த நாட்டுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய அங்கேயே குடியேற வேண்டியதில்லை என்பதை அவரது வாழ்க்கை காட்டுகிறது. 1969 இல் லூரியா, ஹேர்ஷி ஆகியோருடன் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஒருகாலத்தில் எதிரி நாட்டுக்காரராகப் பதியப்பட்ட இருவரும் அமெரிக்கர்களாக ஸ்ரொக்ஹோம் மேடையில் நின்றார்கள். 1981 மார்ச் 9 ஆம் திகதி, 74 வயதில், பசடீனாவில் அவர் காலமானார்.

அவருக்குப் பின், அவர் விட்ட ஊர்களில்

அவரும் லூரியாவும் பற்றீரியாவில் பார்த்தது மனிதரிலும் நடக்கிறது. எச்.ஐ.வி. வைரசு எமது நோயெதிர்ப்புக் கலத்துக்குள் நுழையப் பெரும்பாலும் சி.சி.ஆர்.5 என்ற புரதத்தையும் வாசலாகப் பயன்படுத்துகிறது. சிலருக்குப் பிறப்பிலேயே அந்தப் புரதம் பழுது. 2007 இல் பேர்லின் ஷறிற்றே மருத்துவமனையில், எச்.ஐ.வி. தொற்றோடு இரத்தப் புற்றுநோயும் வந்த திமோத்தி றே பிறவுண் என்ற அமெரிக்கருக்கு, அத்தகைய ஒருவரின் குருத்துக் கலங்களைத் தேடிப் பிடித்துப் பொருத்தினார்கள். 2020 இல் புற்றுநோயால் அவர் இறக்கும்வரை எச்.ஐ.வி. திரும்பவில்லை. இரும்பு வாசலை இழந்து தப்பிய பற்றீரியாவின் கதையேதான் இதுவும்.

2020 இல், டெல்புரூக் படித்த கோற்றிங்கனில், ஸ்ரெபான் போல்மான் குழுவினர் கொரோனா வைரசின் வழியைக் காட்டினார்கள். இரத்த அழுத்தத்தைச் சீராக்க உதவும் ஏ.சி.ஈ.2 என்ற எமது புரதத்தில் அது ஒட்டுகிறது. எமது இன்னொரு நொதியம் அதன் முள்ளை வெட்டிக்கொடுக்க, உள்ளே போகிறது. அந்த நொதியத்தை அடக்கும் மருந்து ஆய்வுகூடத்தில் வைரசைத் தடுத்தது. நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

வைரசுக்கு மருந்து காண்பது கடினமாக இருப்பதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. அது கையில் எடுத்திருக்கும் கருவிகள் எங்களுடையவை. அவற்றை உடைத்தால் எமது வேலையும் நின்றுவிடும். எந்தக் கருவி இல்லாமலும் நாம் வாழலாம், வைரசு வாழ முடியாது என்பதை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டும். இங்குள்ள பல்கலைக்கழகங்களில் உயிரியலும் மருத்துவமும் படிக்கும் எமது பிள்ளைகள் சிலரின் கைக்கும் அந்தத் தேடல் வரும். கண்ணாடித் தட்டில் ஓட்டைகளை எண்ணியே அதைத் தொடங்கிவைத்தவர் இந்த நாட்டை விட்டுப் போக நேர்ந்த ஒருவர் என்பதையும் அவர்கள் அறிந்திருக்கட்டும்.